நீர் எங்கிருந்து வந்தது?

மாண்புமிகு சுகாதார அமைச்சர் அவர்களுக்கு,

நான் டாக்டர் இல்லை. ஓர் அரசு மருத்துவமனையின் திசுப் பரிசோதனைப் பிரிவில் முப்பத்தொரு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இப்போது கிள்ளானில் மகளோடு இருக்கிறேன். உடலிலிருந்து டாக்டர் எடுத்துத் தரும் துண்டை மெழுகில் பதித்து, சீவி, சாயமேற்றி, கண்ணாடியில் ஒட்டிக் கொடுப்பது என் வேலை. அந்தக் கண்ணாடியில் என்ன தெரிகிறது என்று சொல்லும் அதிகாரம் எனக்கு என்றுமே இருந்ததில்லை. இன்றும் அதைக் கேட்டு எழுதவில்லை. என் மனக்குறை வேறு.

எங்கள் வரிசை வீடுகளில் ஒரு தங்கச்சி இருக்கிறாள். கணவர் ஒரு கிடங்கில் இரவு வேலையின்போது சரிந்து விழுந்து இறந்துபோனார். முதலில் வந்த தாளில், ஆய்வுக்கூட முடிவு வந்த பிறகே இறப்பின் காரணம் தெரியும் என்று இருந்தது. எட்டு மாதம் கழித்து இன்னொரு தாள் வந்தது, அதில் ஒரே ஒரு வரி. அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவுக்கு மனுப்போட வேண்டும், வேலையால் வந்த சாவா இல்லையா என்று கேட்கிறார்கள், இவளுக்குப் பதில் தெரியவில்லை.

“அக்கா, நீங்க அந்த ஆஸ்பத்திரி வேலையிலதானே இருந்தீங்க. அவரு நுரையீரல்ல தண்ணின்னு எழுதியிருக்காம். எங்கிருந்துக்கா தண்ணி வந்துச்சு? அவரு மழையில கூட நனையலையே.”

கவுண்டருக்கு இரண்டு தடவை நடந்திருக்கிறாள். அறிக்கை முடிந்துவிட்டது, அவ்வளவுதான் என்று அனுப்பிவிட்டார்கள். எந்த மருத்துவமனை என்று இங்கே எழுதமாட்டேன். அந்தக் கவுண்டரில் உட்கார்ந்திருந்த பையனும் யார் வீட்டுப் பிள்ளையோ; அவன் கையில் இருந்ததும் அதே ஒரு வரிதான்.

அமைச்சர் அவர்களே, 2021 டிசம்பர் வெள்ளத்தை நாங்கள் மறக்கவில்லை. ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீட்டுக்கூரை வரைக்கும் தண்ணீர் ஏறியது. அப்போது யாராவது வந்து, “சேதத்தின் காரணம்: வீட்டுக்குள் நீர்” என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தால் நாம் ஒப்புக்கொண்டிருப்போமா? ஆறு கரை உடைத்ததா, மதகைத் திறந்தார்களா, பம்பு வேலை செய்யவில்லையா என்றுதானே கேட்டோம்? நுரையீரலில் நீர் கோத்தல் என்பதும் அப்படித்தான். இருதயம் தளர்ந்தாலும் நீர் கோக்கும். தலையில் பலமாக அடிபட்டாலும் கோக்கும். போதைப்பொருள் அளவு மீறினாலும், சிறுநீரகம் நின்றாலும், இரத்தத்தில் கிருமி பரவினாலும் கோக்கும். ஆயிரம் வழியாக வந்து சேரும் ஒரு முடிவு அது. ஸ்லைடில் பார்த்தால் காற்று இருக்க வேண்டிய அறைகளில் வெளிறிய இளஞ்சிவப்பு நிறைந்திருக்கும். நானே அப்படிப்பட்ட ஸ்லைடு எத்தனையோ சாயமேற்றியிருக்கிறேன். அந்த இளஞ்சிவப்பு தான் வந்த வழியைச் சொல்லாது. வழியைத் தெரிந்துகொள்ள மற்ற உறுப்புகளைப் பார்த்தாக வேண்டும்.

இந்த ஒரு வரியை நம் மக்கள் உரக்கப் படித்தது 2009இல். அ. குகன் என்ற இளைஞரை, கார் திருட்டுச் சந்தேகத்தில், அந்த ஆண்டு ஜனவரி 14ஆம் தேதி பூச்சோங்கில் பிடித்தார்கள். சுபாங் ஜெயா தைப்பான் போலீஸ் நிலையத்தில் ஜனவரி 20ஆம் தேதி அவர் இறந்தார். செர்டாங் மருத்துவமனையில் நடந்த முதல் சவப்பரிசோதனை, நுரையீரலில் நீர் கோத்தது என்றது. பிண அறைக்குள் நுழைந்து உடலைக் கண்ணால் பார்த்த குடும்பம் அதை ஏற்கவில்லை. இரண்டாவது பரிசோதனை கேட்டார்கள். மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் டாக்டர் பிரசாந்த் சம்பேர்கர் அதைச் செய்தார். முதல் அறிக்கை 22 வெளிக்காயங்களைக் கணக்கிட்டிருந்தது, இரண்டாவது, 45. காரணமும் மாறியது: அடிபட்டுச் சிதைந்த தசைகளால் சிறுநீரகம் செயலிழந்து ஏற்பட்ட மரணம்.

அடி தசையில், சாவு சிறுநீரகத்திலா என்று அன்று பலர் கேட்டார்கள். கடைத்தெருவில்கூடக் கேட்டார்கள். என்னால் முடிந்தவரை எளிதாகச் சொல்கிறேன்.

நான் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவள். அங்கே பார்வையற்றவர்கள் நடத்தும் பிடித்துவிடும் நிலையங்கள் உண்டு. அப்பா இடுப்பு பிடித்துக்கொண்டு போனால், அங்கிருந்த பெரியவர் கட்டைவிரலால் முதுகை ஓர் இடத்தில் அழுத்திப் பார்த்துவிட்டு, “நேத்து வலது பக்கமா எதையோ தூக்கினீங்களா?” என்பார். அப்பா தலையாட்டுவார். தசையில் நடந்தது தசையில் எழுதியிருக்கும் என்று சின்ன வயதில் எனக்குத் தெரிந்தது அவர் விரலைப் பார்த்துத்தான். பிறகு அதே எழுத்தைக் கண்ணாடியில் பார்த்தேன்.

நல்ல தசை நார் ஸ்லைடில் மெல்லிய குறுக்குக் கோடுகளோடு, ஓரத்தில் வரிசையாகக் கருக்களோடு இருக்கும். நசுங்கிச் செத்த நாரில் அந்தக் கோடுகள் அழிந்திருக்கும், கரு மறைந்திருக்கும், நார் வெளிறி உடைந்து கிடக்கும். உடைந்த நாரிலிருந்து மயோகுளோபின் என்ற செந்நிறப் புரதம் இரத்தத்தில் கலக்கிறது. அதை வடிகட்ட சிறுநீரகம் திணறுகிறது. உயிரோடு இருப்பவருக்குச் சிறுநீர், பால் சேர்க்காத கோப்பி ஓ நிறத்தில் போகும். பிறகு சிறுநீரகத்தின் நுண்குழாய்களுக்குள் அந்தப் புரதம் பழுப்பு அச்சுகளாக உறைந்து அடைத்துக்கொள்ளும். சாதாரணச் சாயத்தில் சந்தேகம் வந்தால் மயோகுளோபினை மட்டும் பிடித்துக் காட்டும் தனிச் சாயமுறையும் இருக்கிறது. சிறுநீரகம் நின்றால் உடம்பில் நீர் தேங்கும். அந்த நீர் நுரையீரலுக்கும் போகும்.

கவனியுங்கள். ஒரே உடலில், ஒரே சாவில், கடைசிக் காட்சியாக நுரையீரலில் நீரும் இருக்கலாம். அதற்கு முந்திய காட்சியாகத் தசையில் அடியும் இருக்கலாம். எந்தக் காட்சியோடு நிறுத்திக்கொள்கிறோம் என்பதில்தான் ஒரு குடும்பத்தின் நியாயம் இருக்கிறது.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. இரண்டாம் உலகப் போரில் இலண்டன் மேல் குண்டு விழுந்தபோது, இடிபாட்டில் கைகால் நசுங்கிக் கிடந்தவர்களை உயிரோடு மீட்டார்கள். முதலில் நன்றாகத்தான் இருந்தார்கள். சில நாட்களில் சிறுநீரகம் பழுதாகி இறந்தார்கள். பைவாட்டர்ஸ், பீல் என்ற இருவர் 1941இல் அதை எழுதி வைத்தார்கள். குண்டு விழவேண்டிய அவசியமில்லை, ரப்பர் குழாயும் தடியும் அதே வேலையைச் செய்யும் என்பது பின்னால் பல நாட்டுச் சிறைகள் காட்டிய பாடம்.

குகன் விவகாரம் இரண்டாவது பரிசோதனையோடு முடியவில்லை. சுகாதார அமைச்சு ஒரு குழு அமைத்தது. 2009 ஏப்ரலில் அந்தக் குழு மூன்றாவது பதிலைச் சொன்னது: இருதயத் தசை அழற்சியால் நுரையீரலில் நீர் கோத்தது, அடிகாயங்கள் அதற்குத் துணைக் காரணம். ஓர் இளைஞனின் உடல், மூன்று பதில்கள். முதல் பரிசோதனை செய்த மருத்துவரை மலேசிய மருத்துவ மன்றம் 2011இல் கண்டித்தது. ஒரு போலீஸ்காரர் 2012இல் தண்டிக்கப்பட்டார். 2013 ஜூன் 26ஆம் தேதி உயர் நீதிமன்ற நீதிபதி வி. டி. சிங்கம், தாயார் தொடுத்த வழக்கில் 801,700 ரிங்கிட் இழப்பீடு கொடுக்கத் தீர்ப்பளித்தார். தொகையைப் பற்றிய மேல்முறையீடு வேறு கதை. சாவுக்கும் தீர்ப்புக்கும் நடுவே நான்கரை வருடம் ஒரு தாய் நடந்த நடை எந்தத் தொகையிலும் அடங்காது.

மூன்று பதில் வந்ததே, யாரோ ஒருவர் பொய் சொல்கிறார் என்றுதான் அன்று எல்லாரும் பேசினார்கள். என் தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்தது வேறு. இருதயத் தசை அழற்சி என்பது ஸ்லைடில் பார்த்து முடிவு செய்வதில் மிகச் சிக்கலானவற்றுள் ஒன்று. நார்களுக்கு இடையே சில வெள்ளணுக்கள் கிடந்தால் மட்டும் போதுமா, பக்கத்து நார் செத்திருக்க வேண்டுமா, எத்தனை இடத்தில் இருக்க வேண்டும்? ஒரே ஸ்லைடைப் பார்த்து அனுபவசாலிகளே வேறுவேறு பதில் சொன்னதால்தான், 1980களில் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் நிபுணர்கள் கூடி அளவுகோல் வகுத்தார்கள். அதன் பிறகும் சண்டை ஓயவில்லை. நேர்மையான கண்களுக்கும் கருத்து மாறும். ஆகவே இரண்டு நிபுணர்கள் மாறுபடுவதை நான் குற்றமாகப் பார்க்கவில்லை. மாறுபட்ட இருவரும் எந்தக் கண்ணாடியைப் பார்த்து அப்படிச் சொன்னார்கள் என்று மூன்றாவது ஆளுக்குக் காட்டாமல் இருப்பதைத்தான் குற்றம் என்கிறேன்.

எங்கள் கிள்ளானுக்கும் அந்த அனுபவம் வந்தது. 2017 பிப்ரவரியில், காவலில் இருந்த எஸ். பாலமுருகன் என்பவர் வடகிள்ளான் போலீஸ் தலைமையகத்தில் இறந்தார். அவரது நிலையைப் பார்த்த மாஜிஸ்திரேட், தடுப்புக் காவலை நீட்டிக்க மறுத்துச் சிகிச்சைக்குக் கொண்டுபோகச் சொல்லியிருந்தார். முதல் சவப்பரிசோதனை இருதயக் கோளாறு என்றது. குடும்பம் விடாமல் நின்றதால் கோலாலம்பூர் மருத்துவமனையில் இரண்டாவது பரிசோதனை நடந்தது. அது அடிகாயங்களையும் சேர்த்துச் சொன்னது. எட்டு வருட இடைவெளியில் இரண்டு குடும்பங்கள், அதே பிண அறை வாசல், அதே கோரிக்கை: இன்னொரு தடவை பாருங்கள்.

இந்த இரண்டாவது தடவையில் ஒரு சிக்கல் இருக்கிறது. வெளியில் இருப்பவர்களுக்கு அது தெரியாது. நம் ஊர் வெயிலில் உடல் காத்திருக்காது. குளிர்ப்பெட்டியில் வைத்தாலும் உள்ளே சிதைவு மெதுவாக நடந்துகொண்டேதான் இருக்கும். சிறுநீரகத்தின் நுண்குழாய்கள் சீக்கிரமே கரைய ஆரம்பித்துவிடும்; உயிரோடு இருக்கும்போது கெட்டதா, இறந்த பிறகு கெட்டதா என்று பிரிப்பது கடினமாகும். தவிர, முதல் பரிசோதனையில் உறுப்புகளை ஏற்கெனவே வெட்டித் திறந்திருப்பார்கள். இரண்டாவது டாக்டர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் கலைந்த வீட்டுக்குள்தான் நுழைகிறார். முதல் நாள் எடுத்து, திசுவைக் கெடாமல் காக்கும் ஃபார்மலினில் போட்ட துண்டு அப்படி இல்லை. போட்ட அந்த மணியோடு அது நின்றுவிடுகிறது.

அதை மெழுகில் பதித்து வைத்தால் பல பத்தாண்டுகள் கெடாது. கட்டைவிரல் அகலம்கூட இல்லாத அந்த மெழுகுக் கட்டியை நாங்கள் ‘பிளாக்’ என்போம். பனிக்கட்டி மேல் குளிரவைத்து, மைக்ரோடோம் என்ற சீவும் கருவியில் நான்கு மைக்ரான் கனத்தில் சீவுவோம். தலைமுடி ஒன்றின் தடிமனில் பத்துப் பதினைந்து சீவல் அடங்கும். சீவல் ரிப்பன் போல நீண்டு வரும். மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் அதை வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட வேண்டும். தும்மினால் போச்சு. சுருக்கம் பிரிந்ததும் அடியில் கண்ணாடியைக் கொடுத்து அள்ளுவோம். பிறகு கருவுக்கு ஊதா, மற்றதற்கு இளஞ்சிவப்பு. ஒரு பிளாக்கிலிருந்து இப்படி நூற்றுக்கணக்கான சீவல் எடுக்கலாம். இன்னொரு நிபுணருக்கு ஒரு சீவல் கொடுத்தால் மருத்துவமனைக்கு எதுவும் குறைந்துபோகாது என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

இன்னொன்று. அந்தச் சீவல் ஒரு கடிகாரமும்கூட. தோலில் தெரியும் கன்றலின் நிறத்தைப் பார்த்து நாள் சொல்வது நம்பத்தக்கதல்ல, அதுவும் நம் கறுப்புத் தோலில். காயம்பட்ட இடத்தைச் சீவினால் கதை தெளிவாகும். சில மணி நேரத்தில் ஒருவகை வெள்ளணுக்கள் வந்து குவியும். அடுத்து வேறொரு வகை வந்து சிதைந்ததை விழுங்கும். சிந்திய இரத்தத்தின் இரும்பு, இரண்டு மூன்று நாளில் தனியே தெரிய ஆரம்பிக்கும். பெர்ல்ஸ் சாயம் போட்டால் பளிச்சென்று நீலமாகும். மணிக்கணக்காகத் துல்லியம் கிடைக்காது. ஆனால் பிடிபடுவதற்கு முன்பே பட்ட பழைய காயமா, லாக்கப்பில் பட்ட புதிய காயமா என்ற கேள்விக்கு அது பெரும்பாலும் ஒரு பக்கம் சாயும். குகன் வழக்கில் ஜனவரி 14க்கும் 20க்கும் நடுவே ஆறு நாள். காவலில் இறப்பவர் எல்லாருடைய வழக்கிலும் அந்த மாதிரி ஒரு சிறிய இடைவெளிதான் முழுக் கேள்வியும்.

நம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 334ஆம் பிரிவு, காவலில் ஒருவர் இறந்தால் மாஜிஸ்திரேட் விசாரிக்க வேண்டும் என்கிறது. 2014 முதல் மரண விசாரணைக்கென்று தனி நீதிபதிகளை நியமித்திருக்கிறோம். போலீஸைக் கண்காணிக்க 2005இல் அரச விசாரணை ஆணையம் கேட்ட சுயேச்சை அமைப்பு, உருமாறி, மெலிந்து, 2023 ஜூலையில் ஒருவழியாகச் செயலுக்கு வந்தது. இவையெல்லாம் உங்கள் அமைச்சுக்கு வெளியே இருப்பவை என்று நீங்கள் சொல்லலாம். சரி. ஆனால் இவர்கள் எல்லாரும் கடைசியில் கையில் எடுப்பது உங்கள் அமைச்சின் டாக்டர் எழுதிய அந்த ஒரு வரியை. போலீஸைக் கண்காணிக்க ஆயிரம் ஆணையம் வரட்டும். ஊற்றில் கலங்கினால் கிணறு தெளியாது.

ஆகவே உங்கள் அதிகாரத்துக்குள் இருப்பவற்றை மட்டும் கேட்கிறேன்.

முதலாவது: சவப்பரிசோதனை அறிக்கையில், எந்தெந்த உறுப்பிலிருந்து எத்தனை துண்டு எடுத்தார்கள், அவற்றில் எத்தனையை நுண்ணோக்கியில் பார்த்தார்கள் என்று ஒரு பட்டியல் இருக்கட்டும். எடுக்காவிட்டால், எடுக்கவில்லை என்றே எழுதட்டும். நுரையீரலில் நீர் என்று எழுதினால், நீரின் ஊற்று என்ன என்று அடுத்த வரியில் சொல்லட்டும். கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் அதையும் கூச்சமில்லாமல் எழுதட்டும். அதுவும் நேர்மையான பதில்தான்.

இரண்டாவது: காவலில் நடந்த எந்த மரணமானாலும் இரண்டு சிறுநீரகமும், தொடை, பிட்டம், முதுகுத் தசைகளும், ஒவ்வொரு கன்றலும் கட்டாயம் பிளாக் ஆகட்டும். தோல் கிழியாமல் அடிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்துவிட்டு, இங்கே ஒன்றுமில்லை என்று சொல்ல முடியாத இடங்கள் இவை.

மூன்றாவது: அந்த பிளாக்குகளை, கடைசி வழக்கு முடியும்வரை எவரும் அப்புறப்படுத்தக்கூடாது. குடும்பம் நியமிக்கும் நிபுணர் கேட்டால் புதுச் சீவல் கொடுக்க வேண்டும். அதற்காக ஒரு தாய் வழக்கறிஞரைத் தேடி ஓடும் நிலை வரக்கூடாது.

நான்காவது: இரண்டு அறிக்கை மாறுபட்டால், இருவரும் சேர்ந்து ஒரே ஸ்லைடைப் பார்க்கட்டும். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து பார்க்கும் நுண்ணோக்கிகள் நம் மருத்துவமனைகளில் உண்டு. இளம் டாக்டர்களுக்குப் பாடம் நடத்துவது அதில்தான். எதில் ஒத்துப்போகிறோம், எதில் இல்லை என்று ஒரே தாளில் இருவரும் கையெழுத்துப் போடட்டும். நீதிபதி மிச்சத்தைப் பார்த்துக்கொள்வார்.

ஐந்தாவது: முடிவு வந்ததும் குடும்பத்தை உட்காரவைத்து, அவர்களுக்குப் புரியும் மொழியில் அரை மணி நேரம் பேசுங்கள்.

தடயவியல் நோயியல் நிபுணர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களோடு வேலை செய்தவள் நான். ஆள் போதாமல், நாற்றத்திலும் குளிரிலும், பண்டிகை நாளிலும் நிற்கிறவர்கள். ஒரு சந்தேகத்துக்காக ஒரே பிளாக்கை நாலு தடவை திரும்பச் சீவச் சொல்லி, மாலை ஆறு மணிக்கும் போகாமல் உட்கார்ந்திருந்த டாக்டர் ஒருவரை எனக்குத் தெரியும். நான் முணுமுணுத்துக்கொண்டே சீவினேன். நாலாவது சீவலில் அவர் தேடியது இருந்தது. நான் கேட்கும் ஐந்தும் அந்த மாதிரி டாக்டருக்குப் பாரமாக இருக்காது, கவசமாக இருக்கும். பின்னால் யாராவது வந்து மாற்றி எழுதச் சொன்னால், பட்டியல் ஏற்கெனவே இருக்கிறது, பிளாக் அலமாரியில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

எங்கள் பிரிவில் துண்டு வைக்கும் பெட்டிகளின் மேல் பென்சிலால்தான் எண் எழுதுவோம். மையால் எழுதினால் சாராயத்திலும் சைலீனிலும் கரைந்துபோகும், பென்சில் அழியாது. முப்பத்தொரு ஆண்டு எண்களை எழுதினேன். பெயர் எனக்கு வராது, எண் மட்டும்தான் வரும். அந்த எண்களுக்குப் பின்னால் ஒவ்வொரு வீட்டிலும் ஒருத்தி ஒரு தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்று வேலை செய்த காலத்தில் நான் நினைத்ததே இல்லை. ஓய்வு பெற்ற பிறகு, என் வீட்டு வாசலில் அவள் வந்து நின்றபோதுதான் உறைத்தது. இந்த மடலில் பாதிக் குறை உங்கள் மேல் என்றால், பாதி என் மேலும்தான்.

அவளுக்கு நான் அன்று சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: “இது முடிவும்மா, காரணம் இல்ல. காரணம் அலமாரியில இருக்கணும்.” இருக்கிறதா என்று கேட்டு அவள் பெயரில் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதிலை மலாயில் அனுப்பினாலும் நான் படித்துச் சொல்லிவிடுவேன். ஒரு பக்கம் போதும். நீர் என்ற சொல்லில் தொடங்கினாலும் சரி, அதோடு மட்டும் முடித்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆய்வுக்கூட ஊழியர் ஒருத்தி,
கிள்ளான்.